காய்வதற்குள் ஒரு வாக்கியம்

குறுக்குத்துறைப் படித்துறையில் காலை வெயில் சாய்வாக விழுகிறது. குளித்தெழுந்த நான், தாமிரபரணியில் விரலை நனைத்து, சூடேறும் கல்லின்மீது எழுதுகிறேன். ஐம்பது வயதைக் கடந்தபின் எழுத்தறிந்த எனக்கு, இன்றைய குளியலின் சுகத்தை ஒரு முழு வாக்கியமாகக் கண்ணால் காண வேண்டும். ஆனால் நான்காம் சொல்லை எட்டுவதற்குள் முதற்சொல் உலர்ந்துவிடுகிறது. மஞ்சளும் சோப்பும் ஈரப் பாசியும் கலந்து மணக்கின்றன. கீழ்ப்படியில் துணி துவைக்கும் ஓசை கல்மண்டபத்தில் மோதித் திரும்புகிறது. மீண்டும் விரலை நனைக்கிறேன். "ஏட்டி, யாருக்கு எழுதுத? மீனுக்கா?" என்கிறாள் என் தோழி பிரம்மநாயகி, சேலையைப் பிழிந்தபடி. "இந்த முனையப் பிடி, காயப் போடணும்." "எழுதி முடிச்சிட்டுத்தான் வருவேன்," என்கிறேன், தலை நிமிராமல். மறுபடியும் முதற்சொல் மங்குகிறது, மறுபடியும் தொடங்குகிறேன். அப்போது கல்லின்மீது குளிர்ந்த நிழல் படிகிறது. பிரம்மநாயகி ஈரச் சேலையை இரு கைகளாலும் உயர்த்தி விரித்து, வெயிலை மறைத்து நிற்கிறாள். "பைய எழுது. ஆனா என் கை ஒடியதுக்குள்ள முடிச்சிரு." இறுதி எழுத்துக்குப் புள்ளி வைக்கிறேன். ஒரு சொல்லும் உலராத அவ்வாக்கியத்தை உரக்க வாசிக்கிறேன்: "குளித்த உடம்பில் வெயில் இனிக்கும்." "இனிக்கத்தான் செய்யுது," என்கிறாள் பிரம்மநாயகி. சேலையை இன்னும் தாழ்த்தவில்லை.