இன்ஜினியர் வரவில்லை

பொதுப்பணி இன்ஜினியரின் நாற்காலி காலியாக இருந்தது. ஆள் பயந்துபோய் வீட்டிலேயே ஒளிந்துகொண்டார் என்று கட்பர்ட் லாவில் முடிவு செய்துகொண்டார்.

லாவில் சட்டசபைக்குப் புதுசு. தீவின் மறுகோடியில் இருக்கும் கிராண்ட் ரவீனில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். போன மாதம் தேர்தலில் ஜெயித்து, இன்று காலைதான் படகிலிருந்து இறங்கி, பிரமாணம் எடுத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி அனிசெட்டைத் தவிர சபையில் ஒருவரையும் தெரியாது.

ஆளுநர் நேற்று மாலைதான் ஆறு மாத விடுப்பில் லண்டனுக்குக் கப்பலேறியிருந்தார். தற்காலிகத் தலைவராக, மெலிந்த வெள்ளைக்காரர் ஒருவர் மேடையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார்.

செயலர் எழுந்து இன்ஜினியரின் அறிக்கையைப் படித்தார். "கிராண்ட் ரவீன் ஆறு ஆழமற்றது. நடந்தே கடக்கலாம். பாலம் அநாவசியம்."

லாவில் எழுந்தார்.

"தலைவரே, இதை எழுதின மகராசன் எங்கே? நேர்ல வந்து சொல்ல வேண்டியதுதானே?"

யாரோ இருமினார்கள்.

"அவர் ஆத்தைப் பார்க்க வந்தன்னைக்கு நான் ஊர்ல இல்ல. ஆனா எப்படித் தாண்டினார்னு ஊரே சொல்லுது. எங்க தியோபில் தோள்ல உட்கார்ந்து தாண்டினார். தியோபில் ஆறடி மூணு அங்குலம். தண்ணி அவன் நெஞ்சு வரைக்கும். மேல இருந்தவருக்கு ஷூ நனையல. அதனால ஆறு ஆழமில்ல."

எதிர்வரிசை அதிகாரிகள் நான்கு பேரும் கூரையைப் பார்த்தார்கள். அனிசெட் லாவிலின் கோட்டைப் பிடித்து இழுத்தார்.

"லாவில், போதும்பா. உட்காரு."

"விடுப்பா, பேசத்தானே அனுப்பியிருக்காங்க." லாவில் கோட்டை விடுவித்துக்கொண்டார். "தலைவரே, போன மழையில என் தங்கச்சி பிலோமெனுக்குப் பிரசவ வலி. கடல்ல படகு இறக்க முடியாத காத்து. கட்டிலோட தூக்கிட்டு ஆத்தங்கரைக்கு வந்தோம். ரெண்டு நாள். அந்தக் கரையில டாக்டர் நிக்கிறார், இந்தக் கரையில நாங்க. பிள்ளை தங்கல."

பென்சில் சீவும் சத்தம் நின்றது.

"இப்போ மறுபடியும் உண்டாகியிருக்கா. அடுத்த மழையில நாள் வருது. அந்த இன்ஜினியரைத் தோள்ல ஏத்தாம ஒரு தடவை ஆத்துல இறக்கி விடுங்க. ஆழம் அவருக்கே தெரியும்."

"அதையும் குறிச்சுக்குங்க," என்றார் தலைவர். செயலர் குறித்துக்கொண்டார்.

ஓட்டெடுப்பு. பாலம் கட்டும் இதே தீர்மானம் மூன்று வருஷமாக நாலுக்கு ஐந்து என்று தோற்றுவந்தது. ஜனங்கள் தேர்ந்தெடுத்த நாலு பேர் ஒரு பக்கம். அதிகாரிகள் ஐந்து பேரும் ஆளுநர் காட்டிய பக்கம். மாற்றிக் கை தூக்கும் அதிகாரிக்கு அடுத்த கப்பலிலேயே வேறு தீவுக்கு மாற்றல்.

ஆளுநர் கப்பலேறினாலும் பழக்கம் ஏறவில்லை. அதிகாரிகள் நால்வரும் பாலத்துக்கு எதிராகவே கை தூக்கினார்கள். ஆனால் இன்று ஒரு நாற்காலி காலி.

"நாலுக்கு நாலு," என்றார் செயலர். "சமமா வந்தா தலைவர் ஓட்டுப் போடணும்."

"பாலம் கட்டலாம்," என்றார் தலைவர். இன்று வெயில் அதிகம் என்று சொல்வதுபோல் இருந்தது.

சபை கலைந்ததும் லாவில் நேராக மேடைக்குப் போனார். தலைவர் தனியாகக் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப நன்றிங்க ஐயா. ஆனா அந்த இன்ஜினியரை நம்ப முடியாது. வேலையை ஆரம்பிக்காம இழுத்தடிச்சிடுவார்."

"மாட்டார். ஆழமில்லைன்னு எழுதச் சொன்னது ஆளுநர். இவர் எழுதினார். சொன்னவர் இப்போ நடுக்கடல்ல இருக்கார்."

"ஆறு மாசத்துல திரும்பி வந்துடுவாரே?"

"அதுக்குள்ள பாலத்து மேல உங்க மாடு நடக்கும்."

லாவிலுக்கு மனசு ஆறவில்லை. தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். "இருந்தாலும் அவரைப் பார்த்து நேருக்கு நேரா நாலு வார்த்தை கேட்டுட்டுத்தான் படகு ஏறுவேன். அவர் ஆபீஸ் எந்தப் பக்கம்?"

தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கேயும் போக வேணாம், மிஸ்டர் லாவில். காலையிலேர்ந்து அவர்கிட்டதான் பேசிட்டிருக்கீங்க."