மெதுவாகப் போகிறவன் நம்மவன்

ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் ஹைட்ரஜன் அணு ஒன்று குடியிருந்தது. நடுவீட்டில் கனத்த உடம்போடு புரோட்டான். அதைச் சுற்றிச் சுற்றி வர ஒரே ஒரு எலக்ட்ரான். ‘என் பிடியிலிருந்து இவனை எவனாலும் கழற்ற முடியாது’ என்று புரோட்டானுக்கு ஒரு மிதப்பு.

ஒருநாள் குழாயில் மின்சாரம் பாய்ந்தது. எங்கிருந்தோ ஒரு வெளியூர் எலக்ட்ரான் தலைதெறிக்க ஓடிவந்து வீட்டுக்குள் புகுந்து மோதியது. மோதிய வேகத்தில் இரண்டுமே வெளியே போய் விழுந்தன. ஒன்று பிய்த்துக்கொண்டு ஓடியது, இன்னொன்று தள்ளாடிக்கொண்டு போனது. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி.

“ஐயோ, இதுல என் பிள்ளை எது?” என்று பதறியது புரோட்டான்.

“இத்தனை காலமா உன்னைத்தானே சுத்தி வந்தான், முகம் தெரியாதா?” என்று கேட்டது பக்கத்து வீட்டு அணு.

“இழுத்துப் பிடிக்கவே எனக்கு நேரம் சரியா இருந்துச்சு. முகத்தை எங்கே பார்த்தேன்?”

சொல்லிக்கொண்டே புரோட்டான் அவசரமாக ஒரு கணக்குப் போட்டது. வேகமாக ஓடுகிறவன் வெளியூர்க்காரன். மெதுவாகப் போகிறவன் நம்மவன். வீட்டைவிட்டுப் போக அவனுக்கு மனசு வருமா?

“கண்ணா, வாடா!” என்று மெதுவாகப் போனதை இழுத்து அணைத்துக்கொண்டது. சந்தோஷத்தில் வீடே பளிச்சென்று ஒளிர்ந்தது.

வந்தது நாலு சுற்றுச் சுற்றிவிட்டு, கூச்சத்தோடு கேட்டது: “பெரியவரே, நான் இடிச்சுத் தள்ளினேனே, அந்தப் பையனுக்கு அடி ஒண்ணும் படலையே?”

புரோட்டான் பக்கத்து வீட்டைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னது: “பார்த்தியா? சின்ன வயசிலேருந்தே இவனுக்கு இந்தக் குறும்புதான்!”