மார்க் குறைந்த படம்

"படத்துல விழுந்து தொலைக்காதே, தள்ளி நில்லு!"

உணவகக்காரர் மனைவியிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அன்று மாலையே மாரடைப்பு.

அவரைப் பற்றிக் கல்லூரிக்காக ஆவணப்படம் எடுத்த மாணவி, ஒரு மாதம் கழித்து அதை மடிக்கணினியில் அவர் மனைவிக்குப் போட்டுக் காட்டினாள். கல்லாவில் உட்கார்ந்து அடுப்பு, வாடகை, வாடிக்கையாளர் என்று எல்லாம் பேசினார். மனைவியைப் பற்றி மூச்சு விடவில்லை.

"இருபத்தாறு வருஷம் கூடவே வெந்தேன். என் பேச்சையே எடுக்கலையே இந்த மனுஷன்!"

"படமே சொதப்பல்தான் ஆன்ட்டி. கேமராவைப் பாருங்கன்னு எத்தனை தடவை சொன்னாலும், ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி சமையலறைக் கதவையே பார்த்தார். அதுக்கே மார்க் போச்சு."

அன்று மனைவி தள்ளி நின்றது அந்தக் கதவோரம்தான்.

"இன்னொரு தடவை போடும்மா."

மாணவி போட்டாள். அவர் மறுபடியும் கதவைத்தான் பார்த்தார்.