சாண வாயுவின் முதல் சுடர்

அகரம் கிராமத்தில் வெள்ளத்தாயின் அடுப்படிக்குள் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. நாற்பது நாளாகத் தொழுவத்துச் சாணத்தைக் கரைத்துக் கொல்லைக் குழிக்குள் ஊற்றிவந்த அவளைக் கேலி பேசிய ஊர், வாசலில் நெருக்கியடித்து நிற்கிறது. மூடிபோட்ட அந்தக் குழியைக் கட்டிய காந்திகிராமத்து ஆராய்ச்சியாளர் கிதர் முகம்மது, அங்கிருந்து வரும் குழாயை அடுப்பில் பொருத்தித் திறக்கிறார். வாயு சீறுகிறது. அவர் கிழிக்கும் இரண்டு தீக்குச்சிகள் காற்றில் அணைகின்றன. “இங்கிட்டுக் குடுங்க சார்” என்று வாங்கி, மூன்றாவதை வெள்ளத்தாயே கிழித்து நீட்டுகிறாள். நீலச் சுடர் வட்டமாகப் பூக்கிறது. துளிப் புகை இல்லை. உலைநீர் கொதிக்கும்வரை பார்வையை எடுக்காமல் நிற்கிறாள். “கண்ணு எரியாம ஒல கொதிக்கிறத இன்னிக்குத்தான் சார் பாக்குறேன்.” கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு நாச்சிமுத்து உள்ளே நுழைகிறார். “சார், எங்கிட்ட நாலு மாடு இருக்கு. குழிய எங்கிட்டு வெட்டட்டும்?”