நிழலில் நட்ட அளவுகோல்

கொர்பினியன் தன் பனிச்சறுக்கு மைதானத்தில், பனியின் ஆழம் காட்டும் அளவுகோல் பக்கத்தில் நிற்கிறார். வெயிலுக்குப் பயந்து வருஷா வருஷம் நகர்த்தி, கடைசியில் கொட்டகையின் வடக்கு நிழலில் நட்ட கோல். ஜனவரியிலும் அதன் அடியில் பச்சைப் புல்தான். சரிவு நெடுக, சறுக்க வருபவர்களை மேலே ஏற்றும் கம்பிவடத்தில் அசையாமல் தொங்கும் நாற்காலிகள் மழையில் நனைகின்றன. எதிர்மலை உச்சி மட்டும் வெளுத்துக் கிடக்கிறது. அங்குள்ள மைதானத்துக்கு வேலைக்குப் போய்விட்ட மகள் பர்கி கைபேசியில் கூப்பிடுகிறாள். “அப்பா, இங்க இடுப்பளவு விழுந்திருக்கு. இன்னும் கொட்டுது. அங்க எப்படி?” அவர் பூட்ஸ் நுனியால் புல்லை அழுத்துகிறார். “இங்கயும் கொட்டுதுடி. கோல் பாதி மறைஞ்சிருச்சு. நீ திரும்பி வந்துரலாம்.” பக்கத்தில் கொட்டகையின் தகரக் கூரை மழையில் சடசடக்கிறது. “அப்பா,” என்கிறாள் மெல்ல, “பனி விழுந்தா சத்தமே கேக்காதுப்பா.”