அப்பாவின் தலையெழுத்து

ஆண்பிள்ளை இல்லாத வீடு. நேற்று அப்பாவுக்குக் கொள்ளி வைத்த சுடரொளியே இன்று எலும்பு பொறுக்கவும் வந்தாள். புகுந்த வீட்டில் பட்டதைச் சொல்லி அவள் அழுதபோதெல்லாம் "அது உன் தலையெழுத்தும்மா" என்று வாயை அடைத்தவர் அவர். அங்கிருந்து அவள் எழுதிய கடிதம் வரவே இல்லை என்று சத்தியம் செய்தவர்.

பிணம் எரிக்கும் மாயாண்டி சாம்பலில் பால் தெளித்து, காலில் தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். கடைசியாக மண்டையோட்டுச் சில் ஒன்றைத் துண்டால் துடைத்து நீட்டினார். அதன் நடுவே நெளிநெளியாய்க் கோடு ஓடியது.

"இதத்தாம்மா தலையெழுத்துங்கறது. ஒருத்தராலயும் படிக்க முடிஞ்சதில்ல."

சில் இன்னும் சுட்டது. குனிந்து பார்த்தாள். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து, அவளுடையதேதான். 'அப்பா, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க' என்று தொடங்கி அந்தக் கடிதம் முழுவதும் இருந்தது. அன்று எழுதிவிட்டுப் பயந்துபோய் அடித்த கடைசி வரிகூட, அடிக்கப்படாமல் இருந்தது: 'நீங்க வரலைன்னா, உங்களுக்குக் கொள்ளி வைக்க நானும் வரமாட்டேன்.'

"என்னம்மா, எதாச்சும் தெரியுதா?"

"வெறும் கோடுதாண்ணே."

சில்லைக் கலயத்தில் போட்டு, அதன் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினாள்.