கீழ் மூலைச் சீட்டு

மதிய வெயிலில் தகரக் கொட்டகை அலுவலகம் கொதிக்கிறது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மடியில் வேண்டுதலோடு கொடுக்கும் காவா வேர்க்கட்டோடு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார் குலத்தலைவர் சாகியூசா. எதிர்ச்சுவரில் துறைமுகத் திட்டத்தின் பலகை: ‘கேட்டுச் செய்ய வேண்டியவர்கள்’, ‘சொன்னால் போதும்’ என்று கட்டம் பிரித்து, மஞ்சள் சீட்டுகளில் பெயர்கள். போன வருஷம் மேல் கட்டத்தில் மந்திரி பெயருக்குப் பக்கத்தில் இருந்த அவர் பெயர் இப்போது கீழ் மூலையில் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. அன்று திட்டக்காரர்கள்தான் வேர்க்கட்டோடு அவர் பாயில் வந்து மண்டியிட்டார்கள். தன் சொல் எடுபட்ட அந்த நாளில் பவளப்பாறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாமல், சிரித்துக்கொண்டே திட்டத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டார். இன்று சன்னலுக்கு வெளியே கடல் கழுநீராய்க் கலங்கிக் கிடக்கிறது.

“பாறைய மட்டும் விட்டுருங்கய்யா. எங்க மீனெல்லாம் அங்கதான்,” என்று வேர்க்கட்டை இரு கையாலும் நீட்டுகிறார்.

“அடடா, எனக்கா? ரொம்ப நன்றி!” புதிதாக வந்த மேலாளர் கிரெய்க் அதை வாங்கி, அலமாரி மேல் தலைக்கவசங்களுக்கு நடுவே வைக்கிறார். “அடுத்த கூட்டத்துக்குச் சொல்லி அனுப்புறோம்.”

வேரை வாங்கியவர் கை தட்டினால்தான் வேண்டுதலை ஏற்றதாக அர்த்தம். அது அங்கே எழுத்தராக இருக்கும் சாகியூசாவின் தங்கை மகள் அலேசிக்குத் தெரியும். அவள் கணினியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“எந்திரிங்க மாமா,” என்கிறாள் மெல்ல.

அவர் எழவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். வெளியே பாறை உடைக்கும் இயந்திரத்தின் சத்தம் மட்டும் டொம், டொம் என்று விட்டுவிட்டுக் கேட்கிறது.